சியோல், இரண்டாம் நாள்: வெயில் பக்கமாக நடந்தது

2024 ஜனவரி, புதன்கிழமை. காலை ஏழரை மணிக்கு மைனஸ் 11 டிகிரி.

ராத்திரி அலசிப் போட்ட காலுறை காலையில் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. கொடியில் இல்லை, தரையில். நான் தங்கியிருப்பது ஜோங்னோ பக்கத்துச் சந்து ஒன்றில், ஹனோக் என்கிற பழைய பாணி ஓட்டு வீட்டில் ஓர் அறை. கட்டில் கிடையாது. தரையில் ஒரு மெத்தை, மேலே கனமான ரஜாய், அவ்வளவுதான். தரையே சுடும். இதற்கு ஒண்டோல் என்று பெயர். அந்தக் காலத்தில் அடுப்படியில் விறகை எரித்தால், அந்தப் புகையும் சூடும் அறைக்கு அடியில் பாவிய கற்பலகைகளுக்குக் கீழே ஊர்ந்து போய், மறுபக்கத்துப் புகைபோக்கி வழியாக வெளியேறுமாம். இப்போது கேஸ் பாய்லரில் காய்ந்த தண்ணீர் குழாய் குழாயாகத் தரைக்கடியில் ஓடுகிறது. முதுகு சுடுகிறது, மூக்கு நுனி சில்லென்று இருக்கிறது. நடுராத்திரியில் இரண்டு முறை தோசை போல என்னை நானே திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

நேற்று செவ்வாய். வந்து இறங்கிய வேகத்தில் பெட்டியை வைத்துவிட்டு நேராக கியோங்போக்குங் அரண்மனைக்குப் போய் நின்றேன். செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை. வாசலில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கிளம்பும் முன் பத்து விநாடி தேடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. மூடிய கதவைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஆகவே என் சியோல் பயணம் உண்மையில் இன்றைக்குத்தான் ஆரம்பம்.

சித்தப்பா மகன் இங்கே ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறான். பகலெல்லாம் லேபை விட்டு நகர முடியாது, சாயங்காலம்தான் வருவான். ஆனால் காலையிலேயே போன் வந்துவிட்டது.

"அண்ணே, அந்த ஒத்த ஜாக்கெட்ட நம்பிக் கிளம்பிடாதீங்க. மெல்லிசா மூணு நாலு சட்டை உள்ள போடுங்க. காது கட்டாயம் மூடணும். கடையில ஹாட்பேக் ரெண்டு வாங்கிக்கோங்க."

"வெயில் பளீர்னு அடிக்குதேடா."

"அது சும்மா வெளிச்சம்ணே. நம்பாதீங்க."

தெருமுனைக் கடையில் ஹாட்பேக் ஒன்று 1,000 வொன். நம் பணத்தில் 60 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். உள்ளங்கை அளவில் ஒரு துணிப் பை. உள்ளே மணல் போல் நரநரவென்று ஏதோ. மேலுறையைக் கிழித்து நாலு குலுக்கு குலுக்கினால் இரண்டு மூன்று நிமிடத்தில் சூடேறுகிறது. உள்ளே இருப்பது இரும்புத் தூள், கொஞ்சம் உப்பு, கரித்தூள், ஈரம். காற்றுப் பட்டதும் இரும்பு துருப்பிடிக்கிறது; துருப்பிடிக்கும்போது வருகிற சூடுதான் அது. வீட்டு கேட்டில் வருடக்கணக்கில் நடக்கிற வேலையை என் சட்டைப் பைக்குள் ஒரே நாளில் முடித்துக்கொள்ளும்.

ஜோங்னோ சாம்கா நிலையத்திலிருந்து அரண்மனை இரண்டே நிறுத்தம். நடக்கிற தூரம்தான். சந்து முனை வரை வந்தேன், காற்று ஒன்று வந்து கன்னத்தில் அறைந்தது, மெட்ரோவுக்குள் இறங்கிவிட்டேன். டி-மணி என்கிற பயண அட்டையைத் தட்டினேன், 1,400 வொன் போனது. உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, இருக்கைக்கு அடியிலும் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். எதிர்வரிசையில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். கணுக்காலில் அந்தச் சூடு ஏறினால் எனக்கும்தான் கண் சொருகுகிறது. இரண்டு நிறுத்தத்துக்கு இது அநியாயம். நாலு இருந்திருக்கலாம்.

கியோங்போக்குங் நிலையத்தின் ஐந்தாம் வாசல் அரண்மனைப் பக்கமே ஏறுகிறது. நான் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன், குவாங்ஹ்வாமுன் என்கிற பெரிய வாயிலை நேராகப் பார்க்க வேண்டும் என்று. 1395-ல் ஜோசன் வம்சத்தின் முதல் அரசர் தேஜோ காலத்தில் கட்டிய அரண்மனை இது. 1592-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது. அதற்கப்புறம் 270 வருடத்துக்கு மேல் வெறும் இடிபாடு. 1867-ல்தான் திரும்ப எழுந்தது. மறுபடி ஜப்பானியர் வந்தார்கள். 1926-ல் வளாகத்துக்குள்ளேயே தங்கள் தலைமை அலுவலகத்தைக் கட்டி முடித்தார்கள், வாயிலைக் கழற்றி வேறு பக்கம் நகர்த்திவிட்டார்கள். அந்த அலுவலகத்தை 1995-ல் இடிக்கத் தொடங்கினார்கள். வாயில் தன் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது 2010-ல். கறுப்புப் பலகையில் தங்க எழுத்து மின்னுகிற பெயர்ப்பலகை 2023 அக்டோபரில் மாட்டியது, மூன்று மாதப் புதுசு. ஆறு நூற்றாண்டுப் பழைமை என்று அண்ணாந்து பார்க்கிறோம், நிற்பது முக்கால்வாசி நேற்றுக் கட்டியது. எனக்கு அதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. எத்தனை தடவை எரித்தாலும் அதே இடத்தில் திரும்பக் கட்டுவேன் என்கிற பிடிவாதம் பிடித்திருந்தது.

டிக்கெட் 3,000 வொன். ஹன்போக் என்கிற அவர்களுடைய பாரம்பரிய உடையில் வந்தால் இலவசம். அதனால் சுற்றுவட்டாரத்தில் வாடகை உடைக் கடைகள் ஏராளம். மைனஸ் 11-லும் ரோஜா நிறப் பாவாடை புடைக்க இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். போட்டோவுக்கு மட்டும் மேலே போட்ட குண்டு ஜாக்கெட்டைக் கழற்றித் தோழியிடம் கொடுப்பது, சிரிப்பது, கிளிக், பிடுங்கி மாட்டிக்கொள்வது. அந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அரியணை மண்டபம் கியுன்ஜொங்ஜொன். முன்னால் பெரிய கல் முற்றம். நடுவில் அரசர் மட்டும் நடக்கிற சற்று உயர்ந்த பாதை. அதன் இரு பக்கமும் இடுப்பளவுக்குக் கல் நட்டு, எந்தப் படிநிலை அதிகாரி எங்கே நிற்க வேண்டும் என்று பொறித்திருக்கிறார்கள். பக்கத்துக்கு 12 கல். கிழக்கே எழுத்து வேலைக்காரர்கள், மேற்கே படைத்தலைவர்கள். தரைக் கற்களை வழவழப்பாக்காமல் வேண்டுமென்றே கரடுமுரடாக விட்டிருக்கிறார்கள். வெயில் பட்டுக் கண் கூசக்கூடாது, மழையில் வழுக்கக்கூடாது. அந்தக் கற்களில் நான் செய்த முதல் காரியம், சூரியன் நேராக விழுகிற இடமாகப் பார்த்து நின்றது. சுற்றிப் பார்த்தால் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். தெற்கு வாயிலின் நிழல் கோடு போட்ட மாதிரி முற்றத்தில் விழுந்திருக்கிறது; கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. அரசர் காலத்தில் கடைநிலை அதிகாரி எவனாவது ஜனவரி மாதம் நிழலில் மாட்டியிருந்தால் அன்றைக்கு அவன் பாடு என்ன ஆகியிருக்கும்? பிறந்ததிலிருந்து தெருவில் நிழல் எந்தப் பக்கம் என்று பார்த்து நடந்த கால்கள் என்னுடையவை. இன்றைக்கு முழுக்க எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போயின.

மேற்கே கியோங்ஹெரு. குளத்துக்குள் 48 கல்தூண்கள் தாங்கி நிற்கிற விருந்து மண்டபம். குளம் உறைந்து வெண்சாம்பல் நிறத்தில் கிடந்தது. தண்ணீரில் மண்டபம் தலைகீழாகத் தெரிகிற படம்தான் எல்லா இடத்திலும் இருக்கும். இன்று பிம்பம் கிடையாது. பக்கத்தில் ஒரு குட்டிப் பையன் பனிக்கட்டியைக் காட்டி "அப்பா! அப்பா!" என்று கத்தினான். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான் என்று இங்கே வருகிற தமிழர் எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விஷயம். தெரிந்தேதான் திரும்பினேன்.

அரண்மனையில் என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது ஒரு புகைபோக்கி. சிரிக்காதீர்கள். அரசரின் தாய்க்கென்று கட்டிய ஜாகியோங்ஜொன் என்ற வீட்டின் பின்னால், கொல்லைச் சுவரோடு ஒட்டினாற்போல் அகலமான செங்கல் சுவர் ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் சூரியன், மலை, நீர், மேகம், பாறை, பைன் மரம், ஆமை, நாரை, மான், சாகாவரம் தருகிற மூலிகை என்று நீண்ட ஆயுளுக்கான பத்தும் புடைப்புச் சிற்பமாக. அலங்காரச் சுவர் என்று நினைத்து நகரப் பார்த்தேன். அண்ணாந்தால் உச்சியில் வரிசையாகப் பத்துக் குட்டி ஓட்டு வீடுகள், பொம்மைக் கொலு போல. அவைதான் புகை வெளிவருகிற வாய்கள். அந்த வீட்டின் ஒவ்வோர் அறைக்கடியிலும் ஓடிய சூடு, வேலையை முடித்துக்கொண்டு மண்ணுக்கடியில் சுரங்கமாக வந்து இங்கே மேலேறிப் போயிருக்கிறது. 1888-ல் திரும்பக் கட்டிய வீடு. ஒரு வயதான அம்மாவுக்குத் தரை சுட வேண்டும்; அந்தப் புகை போகிற வழியிலும் நீ நூறாண்டு வாழ்க என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராத்திரி என் முதுகைச் சுட்ட அதே தரையின் மூதாதை. வீட்டைச் சுற்றி வந்து பார்த்தால், திண்ணைக்குக் கீழே நெருப்பு வைக்கிற சதுர ஓட்டைகள். ஒன்றுக்குள் குனிந்து கையை நீட்டினேன். சில்லென்று மண் வாசனை. நெருப்பு போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

வடக்குக் கோடியில் கொன்ச்சொங்குங். 1887-ல் கொரியாவில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது இங்கேதான். முன்னால் இருக்கிற குளத்துத் தண்ணீரை எடுத்து இயந்திரத்தை ஓட்டினார்களாம். அடிக்கடி அணைந்து அணைந்து எரிந்ததால் அந்த விளக்குக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் "போக்கிரி விளக்கு". எட்டு வருடம் கழித்து, 1895-ல், இதே வீட்டுக்குள் ஜப்பானியர்கள் புகுந்து அரசியைக் கொன்றார்கள். வாசலில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அப்புறம் படம் எடுக்கலாமென்று போனை எடுத்தேன். 34 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது, பொசுக்கென்று அணைந்துவிட்டது. முதல் விளக்கு எரிந்த இடத்தில் என் விளக்கு போயிற்று. குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும், சார்ஜ் இருந்தாலும் கொடுக்காது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் போனை வெளி ஜாக்கெட் பையில் போட்டிருந்தேன். ஹாட்பேக்கோடு சேர்த்து உள்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தேன், முட்டையை அடைகாப்பது போல.

போன் இல்லை என்றால் வழி இல்லை. நாம் வழக்கமாகப் பார்க்கிற கூகுள் மேப் அப்போது இந்த நாட்டில் நடைவழி காட்டவில்லை, உள்ளூர் நேவர் மேப்தான் கதி. இப்போது அதுவும் இல்லை. பசி வேறு. சரி, கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று ஒரு வரிசையில் சேர்ந்துகொண்டேன். கதவைத் திறந்ததும் கண்ணாடி இரண்டும் பொத்தென்று ஆவி படிந்து குருடாகிவிட்டன. துடைத்து மாட்டியபோது முன்னால் கறுப்பு மண்சட்டி ஒன்றில் வெள்ளையாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. சம்கேதாங். சின்னக் கோழி ஒன்று முழுசாக, வயிற்றுக்குள் ஒட்டரிசி, ஜின்செங் வேர், பூண்டு, செம்பேரீச்சை மாதிரி ஒரு பழம். காரமே கிடையாது, உப்பு கூட நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். பிரசவித்த பெண்ணுக்குக் கொடுக்கிற பத்தியம் போலிருந்தது முதல் வாய். நாலாவது வாயில் காது மடல் உருகியது. குளிருக்கென்றே கண்டுபிடித்த சாப்பாடு என்று முடிவு கட்டினேன். தவறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கை கழுவப் போகும்போது பார்த்தால் போன் உயிர்த்திருந்தது. 27 சதவீதம்.

புக்சோன் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மேட்டுச் சந்துகள், ஓட்டுக் கூரைகள், அழகுதான். ஆனால் அத்தனையும் ஆட்கள் குடியிருக்கிற வீடுகள். தயவுசெய்து சத்தம் போடாதீர்கள் என்று சுவரெல்லாம் நாலு மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று படம் எடுக்கக் கூச்சமாக இருந்தது. இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

மூன்று மணி போல் சொங்கேசொன் ஓடை. தெரு மட்டத்திலிருந்து படி இறங்கிப் போனால் இரண்டு கரையிலும் நடைபாதை, நடுவில் தெளிந்த தண்ணீர். இருபது வருடத்துக்கு முன்பு வரை இதன் மேல் சாலை, சாலைக்கு மேல் மேம்பாலச் சாலை. 2003-ல் பாலத்தை இடித்தெடுத்து, மூடிக்கிடந்த ஓடையைத் திறந்து 2005-ல் ஊருக்குக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். இப்போது ஓடுகிற நீரில் பெரும்பங்கு ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றுவது. அது ஓடையா பெரிய வாய்க்காலா என்று கேட்பவர்கள் இங்கேயே உண்டு. நான் கவனித்தது வேறு. ஓரத்துக் கற்களில் பனிக்கட்டி கண்ணாடி விளிம்பு கட்டியிருந்தது, நடுவில் தண்ணீர் ஓடியது, தென்கரை முழுக்க நிழல். மதியம் வேலையை விட்டுக் காலாற நடக்க வந்தவர்கள் அத்தனை பேரும் காபிக் குவளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வடகரையில். தென்கரையில் ஒரே ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார், அரைக்கால் சட்டையோடு. எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

ஓடையோடே போனால் குவாங்ஜாங் சந்தை. 1905-ல் ஆரம்பித்தது. தம்பி அங்கே வந்துவிட்டான். கூரை போட்ட நீளச் சந்து, நடுவில் வரிசையாகச் சாப்பாட்டுத் தட்டுக்கடைகள். ஒரு பாட்டி கல் இயந்திரத்தில் ஊறவைத்த பாசிப்பயறை அரைக்கிறார். மாவு மஞ்சளாக வழிகிறது. அதில் முளைப்பயறும் கிம்ச்சி என்கிற காரமான கோஸ் ஊறுகாயும் கலந்து, எண்ணெயில் மிதக்க விட்டுக் கனமாகச் சுடுகிறார்கள். பிந்தேதொக். விளிம்பு மொறுமொறு, நடுவில் மெத்து. தொட்டுக்கொள்ள சோயா சாஸில் ஊறின வெங்காயம். நம் அடைக்கும் பெசரட்டுக்கும் ஒன்றுவிட்ட உறவு என்று சத்தியம் செய்யலாம்.

இன்னொன்று கேட்க வேண்டுமானால் எப்படிக் கூப்பிடுவது என்று தம்பியிடம் கேட்டேன்.

"இமோன்னு கூப்பிடுங்கண்ணே."

"அப்படின்னா?"

"சித்தி, பெரியம்மா. அம்மாவோட கூடப் பிறந்தவங்க. கடைக்காரம்மாவ எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"இமோ!" என்றேன். அந்தம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார், கை பாட்டுக்கு அடுத்ததைத் திருப்பிப் போட்டது. அப்போதுதான் உறைத்தது, நான் உட்கார்ந்திருந்த மரப் பெஞ்சும் சூடாக இருந்தது. விரிப்புக்கு அடியில் மின்சாரத்தில் சுடுகிற பாய் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து பார்க்கிறேன்: தரை, மெட்ரோ இருக்கை, பெஞ்சு, சில பஸ் நிறுத்தத்தில் இருக்கை கூட. இந்த ஊரில் சூடு கீழிருந்துதான் வருகிறது.

சம்கேதாங் கதையைச் சொன்னதும் தம்பி சிரித்தான். "அது வெயில் காலச் சாப்பாடுண்ணே. ஜூலை, ஆகஸ்டுல ரொம்பச் சூடான மூணு நாள்னு கணக்கு வெச்சிருக்காங்க, அன்னிக்குத்தான் கடை வாசல்ல கியூ தெரு வரைக்கும் நிக்கும். சூட்டைச் சூட்டாலதான் அடக்கணும்பாங்க."

எனக்கு மறுபேச்சு வரவில்லை. ஆடிக்குக் கூழ் குடிக்கிறவர்கள் நாம், அதுவும் சில இடங்களில் சுடச்சுட.

ஐந்தரைக்கெல்லாம் சூரியன் சாய்ந்துவிட்டது. பஸ் பிடித்து நம்சான் மலைக்குப் போனோம். மேலே 236 மீட்டர் உயரக் கோபுரம், வேலி வேலியாகக் காதலர்கள் மாட்டின பூட்டுகள். பூட்டுகளைத் தாண்டி வாருங்கள். பக்கத்திலேயே கல்லால் கட்டிய ஐந்து அடுப்புகள் ஒரு வரிசையில் நிற்கின்றன. யாரும் அவ்வளவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய கால எச்சரிக்கை நெருப்பு மேடைகள். எல்லையிலிருந்து மலைக்கு மலை புகையும் தீயுமாகச் செய்தி தாவி வந்து கடைசியில் இங்கே சேரும், கீழே அரண்மனையில் பார்ப்பார்கள். ஒன்று எரிந்தால் ஊர் அமைதியாக இருக்கிறது. எதிரி கண்ணில் பட்டால் இரண்டு, எல்லையை நெருங்கினால் மூன்று, தாண்டினால் நான்கு, சண்டை தொடங்கினால் ஐந்து. ஒன்றுமே நடக்காத நாளிலும் ஒன்றை எரித்தாக வேண்டும் என்பதுதான் எனக்குப் பிடித்தது. இப்போது நிற்பவை 1993-ல் திரும்பக் கட்டியவை.

கோபுரம் நீல விளக்கில் நின்றது. அழகுக்கு என்று நினைத்தேன்.

"காத்து சுத்தமா இருந்தா நீலம். தூசி ஏற ஏறப் பச்சை, மஞ்சள், சிவப்பு" என்றான் தம்பி. "வடக்க இருந்து குளிர்காத்து அடிச்சாத்தான் நீலம் வரும். முன்னெல்லாம் மூணு நாள் குளிர், நாலு நாள் இதமா இருக்கும்னு பழமொழி சொல்வாங்களாம். இப்ப மூணு நாள் குளிர், நாலு நாள் தூசின்னு மாத்திட்டாங்க."

"நாளைக்கு என்ன?"

அவன் போனைப் பார்த்தான். "நீலம்ணே. மைனஸ் 13."

கையைப் பைக்குள் விட்டேன். காலையில் மணலாக நரநரத்த ஹாட்பேக் இறுகி, துருப்பிடித்த ஒரு கட்டியாகியிருந்தது, சொட்டுச் சூடு இல்லை. தம்பி கேட்காமலே தன் பையிலிருந்த ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். இறங்கும்போது தெருமுனைக் கடையில் நாளைக்கு மூன்று வாங்கினேன்.